உங்களுக்குத் தெரியுமா? பிஸ்டலில் தோட்டா ஏன் சிக்குகிறது?

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் தோட்டா ஏறாமல் சிக்கினால் பலரும் முதலில் குறை சொல்வது பிஸ்டலைத்தான். உடனே அரத்தையும் உப்புத்தாளையும் கையில் எடுப்பவர்களும் உண்டு. ஆனால் கோளாறு பெரும்பாலும் எளிதில் மாற்றக்கூடிய பொருளில்தான் இருக்கும்: மேகசின், தோட்டா, ஸ்பிரிங். சில சமயம் பிடித்திருக்கும் கையில். எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தவருக்கு அரம் தேவைப்படுவதே அபூர்வம்.

உள்ளே நடப்பது என்ன?

★ ஒருமுறை விசையை அழுத்தினால் பிஸ்டலுக்குள் எட்டு வேலைகள் நடக்கின்றன. தோட்டாவை மேகசினிலிருந்து தள்ளுவது, குழலின் பின்முனை அறையான சேம்பருக்குள் ஏற்றுவது, பூட்டுவது, வெடிப்பது, பூட்டைத் திறப்பது, வெற்றுக்கூட்டை இழுப்பது, அதை வெளியே எறிவது, அடுத்த சுடுதலுக்குச் சுத்தியலைத் தயாராக நிறுத்துவது. அத்தனையும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும். ஃபீடிங் கோளாறு என்று சொல்வது முதல் இரண்டு வேலைகளில் தெரியும் தடங்கலை. காரணம் மற்ற ஆறில் ஒன்றாகவும் இருக்கலாம். பழைய கூடு வெளியே போகாவிட்டால் புதிய தோட்டாவுக்கு இடம் ஏது?

★ எல்லாச் சிக்கலும் ஒரே சிக்கல் அல்ல. தோட்டாவின் மூக்கு கீழே சாய்ந்து சேம்பருக்குக் கீழே முட்டி நின்றால் அது ஒன்று. பாதி ஏறி, மூக்கு சேம்பரின் மேல்விளிம்பிலும், நடு உடல் மேகசினுக்கும் சேம்பருக்கும் இடையே உள்ள ஏறுசரிவிலும், அடிப்பாகம், முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகமான ஸ்லைடின் முகத்திலும் ஆக மூன்று இடங்களில் இறுகி நின்றால் அது வேறு. வெற்றுக்கூடு ஸ்லைடின் வாயில் மாட்டிச் செங்குத்தாக நின்றால் அதை ‘ஸ்டவ்பைப்’ என்பார்கள். சேம்பரில் ஒன்று இருக்கும்போதே இன்னொன்று பின்னால் வந்து முட்டினால் ‘டபுள் ஃபீட்’. எது எப்படி நின்றது என்பதைப் பார்த்துக்கொள்ளாமல் அவசரமாக இழுத்துத் தள்ளிவிட்டால், தடயத்தையே அழித்துவிடுகிறோம்.

★ விசையை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லையா? ஸ்லைடு முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஓரிரு மில்லிமீட்டர் திறந்து நின்றாலும் ‘டிஸ்கனெக்டர்’ என்ற சிறு பாகம் விசைக்கும் சுத்தியலுக்கும் உள்ள தொடர்பை அறுத்துவிடும். இது கோளாறு அல்ல, பாதுகாப்பு. சேம்பர் பூட்டப்படாத நிலையில் தோட்டா வெடித்தால் கூடு பிளந்து, வாயு சுடுபவரின் கைப் பக்கமே பாயும்.

மேகசின்: முதல் சந்தேக நபர்

★ இன்று பிஸ்டல் என்றாலே மேகசின் கைப்பிடிக்குள் இருக்கும் என்று நினைக்கிறோம். தொடக்கத்தில் எல்லாப் பிஸ்டலும் அப்படி இல்லை. 1896-இன் மவுசர் சி96 பிஸ்டலில் மேகசின் விசைக்கு முன்னால், பிஸ்டலோடு ஒட்டியே இருந்தது. 10 தோட்டாக்களை ஒரு தகட்டுப் பட்டையில் கோத்து மேலிருந்து அழுத்தி இறக்க வேண்டும். 1898-இல் சூடானின் ஓம்துர்மான் போரில் இளம் வின்ஸ்டன் சர்ச்சில் கையில் இருந்தது இந்த வகைதான். கழற்றி மாட்டும் மேகசினைக் கைப்பிடிக்குள் வைத்து வெற்றிகரமாக வடிவமைத்தவர் ஹியூகோ போர்ச்சார்ட். அது சி96-க்கும் முன்பே, 1893-இல்; மேகசினில் 8 தோட்டாக்கள்.

★ மேகசினில் மிக முக்கியமான இடம் எது தெரியுமா? மேலே உள்புறமாக மடிந்து நிற்கும் இரண்டு உதடுகள். தோட்டா எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், எந்தக் கணத்தில் விடுபட வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்த இரண்டு மடிப்புகள்தான். சற்றே விரிந்துவிட்டால் தோட்டா முன்கூட்டியே துள்ளி மேலே வரும். சற்றே நெருங்கிவிட்டால் பிடியை விடாமல் மூக்கு தாழ்ந்து முட்டும். சிமென்ட் தரையில் ஒருமுறை உதடு பட விழுந்தாலே இந்த அளவு மாறிவிடலாம்.

★ இந்த ஆபத்தை அடியோடு நீக்க நினைத்தவர் ரஷ்யாவின் ஃபியோதர் டோக்கரேவ். அவருடைய டிடி-33 பிஸ்டலில் தோட்டாவை வழிநடத்தும் உதடுகளை மேகசினில் மட்டும் நம்பி விடாமல், சுத்தியல் அமைப்பு இருக்கும் கெட்டியான எஃகுப் பாகத்திலேயே கடைந்து வைத்தார். மேகசினின் மெல்லிய தகடு நசுங்கினாலும் தோட்டா ஏறும் வழி மாறாது. போர்க்களத்தில் மேகசின் அடிபடும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட வடிவமைப்பு அது.

★ எத்தனையாவது தோட்டாவில் சிக்குகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மேகசின் நிரம்பியிருக்கும்போது உள்ளே அழுத்தமும் உரசலும் அதிகம். முதல் தோட்டாவே நகர மறுத்தால் அந்த இறுக்கம் காரணமாகலாம். மேகசின் காலியாகும்போது ஸ்பிரிங் முழுக்க விரிந்து பலம் குறைந்திருக்கும். எப்போதும் கடைசித் தோட்டாவோ, அதற்கு முந்தியதோ சிக்கினால், தளர்ந்த ஸ்பிரிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். எந்த இடத்திலும், எந்த ஒழுங்கும் இல்லாமல் சிக்கினால் தோட்டா, அழுக்கு, பிடி ஆகியவற்றின் பக்கம் திரும்புங்கள்.

★ அமெரிக்க ராணுவத்தின் எம்1911 பிஸ்டலின் மேகசினுக்குள் தோட்டாவைத் தாங்கும் தகட்டின் மேல் ஒரு சிறு புடைப்பு இருக்கும். கடைசித் தோட்டாவுக்குக் கீழே இன்னொரு தோட்டா இல்லை. உரசிப் பிடிக்க எதுவும் இல்லை. பின்னுதையின் அதிர்வில் அது தானாக முன்னால் நழுவிவிடாமல் தடுப்பது அந்தப் புடைப்புதான். தகட்டை வழவழப்பாக்குகிறேன் என்று அதைத் தேய்த்துவிட்டால் கடைசித் தோட்டாவின் தொல்லை ஆரம்பமாகிவிடும்.

★ மேகசினை நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. நல்ல எஃகில் செய்து, தாங்கும் அளவுக்குள் அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கை அதிகம் தேய்ப்பது, அமுங்கிக் கிடப்பது அல்ல. மீண்டும் மீண்டும் அமுங்கி விரிவதுதான். பயிற்சிக்கு ஓயாமல் பயன்படும் மேகசின் முதலில் தளர்வதன் காரணம் இதுவே.

★ ஜெர்மனியின் லூகர் பி08 பிஸ்டலின் உறைக்குள் ஒரு சிறு இரும்புக் கருவிக்குத் தனிப் பை உண்டு. பிஸ்டலைப் பிரிக்கவும், மேகசினில் தோட்டா நிரப்பும்போது ஸ்பிரிங்கைக் கீழே இழுத்துப் பிடிக்கவும் அது உதவும். விரலால் மட்டும் அழுத்துவது கடினம் என்கிற அளவுக்கு அந்த ஸ்பிரிங் முறுக்கானது. காரணம் உண்டு. ஸ்லைடுக்குப் பதிலாக லூகரில் உள்ள மூட்டு அமைப்பு மிக வேகமாகத் திரும்பி வரும். அது வந்து சேர்வதற்குள் அடுத்த தோட்டா மேலே வந்து நின்றாக வேண்டும்.

★ 13 தோட்டாக்களைக் கைப்பிடிக்குள் இரு வரிசையாக அடுக்கி, மேலே வரும்போது ஒரே வரிசையாகக் குறுக்கி அனுப்பும் மேகசின், 1935-இன் பிரவுனிங் ஹை-பவர் பிஸ்டலுக்குப் புகழ் தந்தது. அதை உருவாக்கியவர் பெல்ஜியத்தின் துதொனே சைவ். ஜான் பிரவுனிங் 1926-இல் லியேஜ் நகரத்து ஆலையிலேயே இறந்த பிறகு வடிவமைப்பை முடித்தவரும் அவரே. இந்த ஹை-பவர்தான் மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் ‘பிஸ்டல் ஆட்டோ 9 எம்எம் 1ஏ’ என்ற பெயரில் உருவாகி, இந்திய ராணுவத்தின், காவல்துறையின் இடுப்பில் ஏறியது.

★ இரு வரிசை மேகசினுக்கு அழுக்கு பெரிய எதிரி. இரண்டு வரிசையும் ஒன்றாகக் குவியும் கழுத்தில் நுண்மணல் சேர்ந்தால் தோட்டாக்கள் ஒன்றையொன்று நெருக்கி நின்றுவிடும். அமெரிக்கா 1985-இல் தேர்ந்தெடுத்த பெரெட்டா எம்9 பிஸ்டல் ஈராக்கின் தூசியில் இந்தத் தொல்லையைச் சந்தித்தது. துருப்பிடிக்காமல் இருக்க மேகசினுக்குப் பூசிய சொரசொரப்பான பாஸ்பேட் பூச்சு, தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டது. பிறகு வழவழப்பான பூச்சோடு புதிய மேகசின்கள் வந்தன. பிஸ்டலில் எதையும் மாற்றவில்லை!

★ அதே காரணத்தால் மேகசினின் உள்ளே எண்ணெய் ஊற்றக் கூடாது. எண்ணெயில் தூசி ஒட்டிப் பசையாகும். அதோடு, எண்ணெய், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் கசிந்தால் தோட்டா வெடிக்காமலே போகலாம். கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, உலர்வாகவே மாட்டுங்கள்.

தோட்டா: அளவே உயிர்

★ 9 எம்எம் பாராபெல்லம் தோட்டாவின் முழு நீளம் அதிகபட்சம் 29.69 மில்லிமீட்டர். இதற்கு மேல் போனால் மேகசினின் முன்சுவரில் உரசும். ரொம்பவும் குறைந்தால் உதடுகள் விடும் கணமும் மூக்கு சரிவைத் தொடும் கணமும் ஒத்துப்போகாது. கூட்டின் உடலும் நேர் உருளை அல்ல, அடியில் 9.93 மில்லிமீட்டர், வாயில் 9.65 மில்லிமீட்டர். இந்தச் சிறு சரிவு சேம்பருக்குள் நுழையவும், வெடித்த பின் கழன்று வரவும் உதவுகிறது.

★ சொந்தமாகத் தோட்டா நிரப்புவதற்கு அனுமதி உள்ள நாடுகளில் சுடுபவர்கள் ஒரு எளிய சோதனை செய்வார்கள். பிஸ்டலைக் காலி செய்து, பிரித்து, குழலை மட்டும் தனியே எடுத்து, வாய் கீழே பார்க்கப் பிடிப்பார்கள். தோட்டாவைச் சேம்பருக்குள் போட்டால் ‘டொக்’ என்று தட்டி உட்கார வேண்டும். விரலால் லேசாகத் திருப்பினால் சுழல வேண்டும். குழலைக் கவிழ்த்தால் தானாக விழுந்துவிட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று நடக்காவிட்டாலும் அந்தத் தோட்டா பிஸ்டலுக்குள் போகக் கூடாது. ஓட்டைப்பானையில் தண்ணீர் நிற்காதது போல, அளவு தவறிய தோட்டா எந்த நல்ல பிஸ்டலிலும் நிற்காது.

★ குண்டைச் செருக வசதியாகக் கூட்டின் வாயைச் சற்று விரிப்பார்கள். செருகிய பிறகு அந்த விரிவை மறுபடி ஒடுக்க மறந்துவிட்டால், தோட்டா சேம்பரில் கடைசி ஒரு மில்லிமீட்டருக்கு ஏறாது. அதற்காக ஒரேயடியாக நெருக்கிவிட்டாலும் தப்பு. 9 எம்எம், .45 ஏசிபி போன்ற தோட்டாக்கள் சேம்பருக்குள் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது கூட்டின் வாய் விளிம்புதான். விளிம்பை மடித்துவிட்டால் தோட்டா வேண்டியதைவிட ஆழமாக இறங்கிவிடும்.

★ ஒரே தோட்டாவைத் தினமும் ஏற்றி, தினமும் இறக்குகிறீர்களா? ஒவ்வொரு முறையும் அதன் மூக்கு ஏறுசரிவில் மோதுகிறது. மோதி மோதி, குண்டு கூட்டுக்குள் சிறுகச் சிறுக இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும். புதிய தோட்டா ஒன்றோடு பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

★ 1899-இன் ஹேக் பிரகடனம், உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் தடைசெய்தது. கல்கத்தா அருகே உள்ள டம்டம் ஆயுதச் சாலையின் பெயராலேயே அந்தக் குண்டுகள் உலகெங்கும் அறியப்பட்டிருந்தன. இந்தத் தடையால் ராணுவப் பிஸ்டல்கள் பலவும் உருண்டை மூக்கும் முழு உலோக உறையும் உள்ள குண்டுக்காகவே வடிவமைக்கப்பட்டன. பல பத்தாண்டுகள் கழித்துக் காவல்துறைகள் குழிமூக்குக் குண்டுக்கு மாறியபோது, பழைய பிஸ்டல்கள் பல சிக்கத் தொடங்கின. பிஸ்டல் கெட்டுப்போகவில்லை. அதற்குத் தெரியாத வடிவம் உள்ளே வந்தது, அவ்வளவுதான்.

★ 9 எம்எம் தோட்டாவின் முதல் குண்டு இன்று நாம் பார்ப்பதுபோல் உருண்டை மூக்கு கொண்டது அல்ல. நுனி வெட்டிய கூம்பு வடிவம். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் ராணுவம் உருண்டை மூக்குக்கு மாறியது. நீளக் குழல் லூகருக்கு 32 தோட்டா கொள்ளும் நத்தை வடிவ டிரம் மேகசினைப் போட்டார்கள். வளைந்து வளைந்து வரும் அந்தப் பாதையில் உருண்டை மூக்கே தடையின்றி வழுக்கி வரும்.

★ இந்தியாவில் 9 எம்எம் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவு. உரிமம் பெற்றவர்கள் வைத்திருக்கும் பிஸ்டல் பெரும்பாலும் .32. இந்த .32 ஏசிபி தோட்டா 1899-இல் பிரவுனிங் வடிவமைத்தது. அதன் அடிவிளிம்பு உடலைவிடச் சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் இறங்கிவிட்டால், இரண்டும் கொக்கி போட்டது போல் மாட்டிக்கொள்ளும். ஸ்லைடை இழுத்துத் தள்ளினாலும் சரியாகாது. மேகசினைக் கழற்றித்தான் விடுவிக்க வேண்டும். வழக்கத்தைவிடக் குட்டையான தோட்டா போட்டால் முன்னும் பின்னும் ஆட இடம் கிடைத்து, இது நேர்வது அதிகமாகும். ஒவ்வொரு தோட்டாவையும் முந்தியதன் விளிம்புக்கு முன்னால் விளிம்பு நிற்கும்படி நிரப்புவதே பரிகாரம்.

★ சுழல் துப்பாக்கிக்கான .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலும் உண்டு. 1961-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 52. குண்டின் நுனி கூட்டின் வாயோடு சமமாக இருக்கும் தட்டைக் குண்டை மட்டுமே அது ஏற்கும். மேகசினில் 5 தோட்டாக்களே கொள்ளும். அகன்ற விளிம்போடு கூடிய நீளத் தோட்டாவைச் சீராக ஏற்ற அவ்வளவு கட்டுப்பாடு தேவைப்பட்டது. இலக்குச் சுடுபவர்கள் அதன் துல்லியத்துக்காக அதைக் கொண்டாடினார்கள்.

★ .22 எல்ஆர் 1887-லிருந்து இருக்கும் தோட்டா. ஒலிம்பிக் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் இன்றும் அதுவே. அதன் குண்டு ஈயம். மேலே மெழுகுப் பூச்சு வெளியில் தெரியும்படி இருக்கும். சுடச் சுட அந்த மெழுகும் கரியும் சேம்பரின் வாயில் வளையமாகப் படியும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் அது கெட்டியாகி, அடுத்த தோட்டா இறுகி நிற்கும். சேம்பரைத் துடைத்தவுடன் பிஸ்டல் பழையபடி ஓடும்.

ஏறும் வழி

★ மேகசினுக்கும் சேம்பருக்கும் இடையே உள்ள சாய்வான எஃகுப் பரப்புதான் ஏறுசரிவு, அதாவது ஃபீட் ராம்ப். எம்1911-இல் இது இரண்டு துண்டு: கீழ்ப்பாதி சட்டகத்தில், மேல்பாதி குழலில். குழல் பின்னால் வந்து கீழே இறங்கி நிற்கும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர், இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு, இரண்டையும் ஒரே சரிவாக்குகிறேன் என்று தேய்ப்பவர் பிஸ்டலைக் கெடுக்கிறார். குழலின் விளிம்பு பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால்தான் குண்டின் மூக்கு அதில் முட்டும்.

★ ராம்பைப் பளபளப்பாக்குவது வேறு, அதன் கோணத்தை மாற்றுவது வேறு. மோட்டார் கருவியை அழுத்திப் பிடித்தால் கோணம் மாறிவிடும். அதைவிட மோசம், சேம்பரின் அடிவாயில் எஃகு குறைந்து, கூட்டின் அடிப்பகுதி தாங்கல் இல்லாமல் வெளியே தெரியும். தாங்கல் இல்லாத இடத்தில் கூடு உப்பும், கிழியவும் கூடும். போன எஃகைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. குழலையே மாற்ற வேண்டிவரும்.

★ தோட்டா மேலே ஏறவே தேவையில்லாத பிஸ்டல் இருந்தால்? கிட்டத்தட்ட அப்படி ஒன்று ஜெர்மனியின் வால்தர் பி38. சுடும்போது குழல் சாயாமல் நேராகப் பின்னால் போகும்; பூட்டு மட்டும் கீழே இறங்கும். மேகசினிலிருந்து தோட்டா ஏறக்குறைய நேர்கோட்டில் சேம்பருக்குள் செல்லும். இதே பூட்டு முறையைத்தான் பெரெட்டா 92-உம் எடுத்துக்கொண்டது. பி38-இல் இன்னொரு விசேஷம்: வெற்றுக்கூடு இடப்பக்கம் தெறிக்கும்.

★ இதற்கு நேர்மாறானது, 1900-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஹியூ கேபட்-ஃபேர்ஃபாக்ஸ் உருவாக்கிய மார்ஸ் பிஸ்டல். அது தோட்டாவை முன்னால் தள்ளாது. மேகசினிலிருந்து பின்பக்கமாக இழுத்து, தூக்கி, பிறகு சேம்பருக்குள் செலுத்தும். வெற்றுக்கூட்டைச் சுடுபவரின் முகத்துக்கு நேராக எறியும். மிகப் பலமான பிஸ்டல் என்று பெயர் வாங்கியும், எந்த ராணுவமும் அதை ஏற்கவில்லை.

கொக்கியும் ஸ்பிரிங்கும்

★ எம்1911-இல் தோட்டா மேகசினிலிருந்து வெளிவரும்போதே அதன் அடிவிளிம்பு, பின்னர் வெற்றுக்கூட்டை இழுக்கப்போகும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் கீழ் வழுக்கி நுழைய வேண்டும். கொக்கி ரொம்ப இறுக்கமாக இருந்தால் விளிம்பு நுழையாமல் ஸ்லைடு பாதியில் நிற்கும். தளர்ந்தால் வெற்றுக்கூட்டை விட்டுவிடும். துப்பாக்கி பழுதுபார்ப்பவர்கள் ஸ்லைடை மட்டும் தனியே கழற்றி, கொக்கியின் கீழ் ஒரு போலித் தோட்டாவைச் செருகி மெல்ல ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டினாலும் நிற்க வேண்டும்; பலமாக உதறினால் விழ வேண்டும். அந்த அளவே சரி.

★ சேம்பருக்குள் கையால் தோட்டாவைப் போட்டு ஸ்லைடை மூடும் பழக்கம் எம்1911-க்கு ஆகாது. அப்போது கொக்கி விளிம்பின் கீழ் வழுக்காமல், மோதி, விரிந்து, தாண்டிக் குதித்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தக் கொக்கி தானே ஸ்பிரிங்காகவும் வேலை செய்யும் ஒற்றை எஃகுத் துண்டு. இப்படியே செய்தால் நாளடைவில் வளைந்துவிடும். தோட்டா எப்போதும் மேகசின் வழியாகவே ஏறட்டும்.

★ எம்1911 .45-க்கு, ஸ்லைடை முன்னால் திருப்பித் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் வழக்கமாக 16 பவுண்டு. மருந்து குறைவான இலக்குத் தோட்டாவைப் போட்டுவிட்டு அதே ஸ்பிரிங்கை வைத்திருந்தால், ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது. கூடு சிக்கும், அல்லது அடுத்த தோட்டாவைத் தொடாமலே ஸ்லைடு திரும்பிவிடும். பலமான தோட்டாவுக்குத் தளர்ந்த ஸ்பிரிங் இருந்தாலோ ஸ்லைடு ஓங்கி அடித்துத் திரும்பும். மேகசின் அடுத்த தோட்டாவை மேலே கொண்டுவர நேரம் போதாது. ஸ்பிரிங் தேயும் பொருள். குறித்த எண்ணிக்கையில் தோட்டாக்கள் சுட்டதும் மாற்றிவிட வேண்டும்.

★ 1969-இல் வந்த ‘தி வைல்ட் பன்ச்’ படத்தில் நடிகர்கள் கையில் எம்1911 போலத் தெரிபவை, ஸ்பெயினின் ஸ்டார் மாடல் பி 9 எம்எம் பிஸ்டல்கள். குண்டு இல்லாத வெற்று வெடியால் .45 பிஸ்டலை ஒழுங்காக ஓடவைப்பது அந்தக் காலத்தில் பெரும்பாடு. குண்டு முன்னால் போனால்தான் ஸ்லைடைப் பின்னால் தள்ளும் எதிர்விசை கிடைக்கும். 9 எம்எம் வெற்று வெடி நம்பகமாக ஓடியதால் ஸ்டாருக்கு அந்த வேடம் கிடைத்தது.

பிடித்திருக்கும் கை

★ நல்ல பிஸ்டல், நல்ல மேகசின், நல்ல தோட்டா. ஒருவர் சுட்டால் சிக்குகிறது, பக்கத்தில் இருப்பவர் சுட்டால் ஓடுகிறது. காரணம் மணிக்கட்டு. ஸ்லைடு பின்னால் போக, சட்டகம் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் சட்டகமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் வந்துவிடும். ஸ்லைடின் ஓட்டம் குறைந்துவிடும். பிளாஸ்டிக் சட்டகம் கொண்ட இலேசான பிஸ்டல்களில் இது கூடுதலாகத் தெரியும்.

★ மேகசினில் தோட்டா மிச்சம் இருக்கும்போதே ஸ்லைடு திறந்து நின்றுவிடுகிறதா? ஸ்லைடைத் திறந்து நிறுத்தும் ‘ஸ்லைடு ஸ்டாப்’ நெம்பைப் பெருவிரல் அடியிலிருந்து தட்டுகிறதா என்று பாருங்கள். காலியான பிறகும் திறந்து நிற்காமல் மூடிக்கொள்கிறதா? அதே பெருவிரல் மேலிருந்து அழுத்திக்கொண்டிருக்கலாம்.

★ முதல் தோட்டாவை ஏற்றும்போது ஸ்லைடைக் கையோடு மெதுவாகக் கொண்டுவந்து மூடுவது பலரின் பழக்கம். அதன் ஸ்பிரிங், முழு வேகத்தில் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போகத்தான் அளந்து செய்யப்பட்டது. முழுதாகப் பின்னால் இழுத்து, கையை விட்டுவிடுங்கள்.

★ டெசர்ட் ஈகிள் பிஸ்டலில் மேகசின் சற்று ஆடும்படியே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மேகசினின் அடியை மேசையில் ஊன்றியோ, உள்ளங்கையால் தாங்கியோ சுட்டால் மேகசின் மேலே தள்ளப்பட்டுச் சிக்கும். கைப்பிடியை மட்டும் பிடிக்க வேண்டும்.

சிக்கிய கணத்தில்

★ ஒலிம்பிக் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் போட்டியில் ஐந்து இலக்குகளுக்கு ஐந்து தோட்டா. நேரம் 8, 6, 4 விநாடி என்று குறைந்துகொண்டே வரும். 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்றது இதில்தான். நடுவில் பிஸ்டல் சிக்கினால் வீரர் அதைச் சரிசெய்ய முனையக் கூடாது. பிஸ்டலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, மறு கையை உயர்த்த வேண்டும். தவறு பிஸ்டலுடையது என்று நடுவர் கண்டால் மறுவாய்ப்பு உண்டு. சேஃப்டியை எடுக்க மறந்தது, தோட்டாவைக் குறைத்துப் போட்டது போன்றவை வீரரின் கணக்கில் போகும்.

★ விசையை அழுத்தி, வெடிக்கவில்லையா? உடனே திறக்காதீர்கள். பிரைமர் தாமதமாகப் பற்றினால் தோட்டா பிந்தி வெடிக்கலாம். பிஸ்டலை இலக்குப் பக்கமே பிடித்து 30 விநாடி காத்திருக்கச் சொல்லிப் பல பயிற்சிக்களங்களில் கற்பிக்கிறார்கள்.

★ வழக்கமான சத்தம் வராமல் ‘புஸ்’ என்று மட்டும் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். ஸ்லைடு ஓடாததைப் பார்த்து, ‘ஃபீடிங் கோளாறுதான்’ என்று நினைத்துக் கையால் இழுத்து அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பும், பிளக்கவும் செய்யும். இறக்கி, பிரித்து, குழலின் உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை.

★ டபுள் ஃபீடை விடுவிக்கும்போது வரிசை முக்கியம். ஸ்லைடைப் பின்னால் நிறுத்திப் பூட்டுங்கள். மேகசினை எடுத்துவிடுங்கள். பிறகு ஸ்லைடைப் பலமுறை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். மேகசினை எடுக்காமல் இழுத்தால், ஒன்று போக ஒன்று வந்து நிற்கும்.

★ தோட்டாவை இறக்கும்போது வெளியேறும் வாயை உள்ளங்கையால் பொத்தி, தோட்டாவைக் கையில் பிடிக்க முயலாதீர்கள். பாதி வழியில் மாட்டும் தோட்டாவின் பிரைமர், கூட்டை வெளியே எறியும் எஜெக்டரின் முனையில் குத்துப்பட்டு வெடித்த விபத்துகள் நடந்திருக்கின்றன. அது தரையில் விழட்டும்; பிறகு பொறுக்கிக்கொள்ளலாம்.

கண்டுபிடிக்கும் வரிசை

★ 1911 மார்ச் மாதம் அமெரிக்க ராணுவம் கோல்ட் பிஸ்டலை 6000 தோட்டாக்கள் சுட்டுச் சோதித்தது. கோல்ட் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. போட்டியிட்ட சேவேஜ் 37 முறை சிக்கியது. அந்த மாதம் 29-ஆம் தேதி கோல்ட் பிஸ்டல் எம்1911 என்ற பெயரில் ஏற்கப்பட்டது. சோதனையின்போது இடையிடையே நிறுத்திக் குளிரவைத்தார்கள். ஒவ்வொரு 1000 தோட்டாவுக்கும் ஒருமுறை சுத்தம் செய்து எண்ணெய் போட்டார்கள். உலகின் மிக நம்பகமான பிஸ்டல்களில் ஒன்றும் பராமரிப்போடுதான் அந்தப் பெயரை வாங்கியது.

★ உங்கள் மேகசின்கள் ஒவ்வொன்றின் அடியிலும் பெயிண்டால் 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். சிக்கும்போதெல்லாம் எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, எந்தத் தயாரிப்பு, யார் சுட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே எண்ணில் வந்து நின்றால் குற்றவாளி அந்த மேகசின். அதைப் பயிற்சியிலிருந்து விலக்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது.

★ மேகசின் மாறியும் தொடர்ந்தால் தோட்டாவை மாற்றுங்கள்: உருண்டை மூக்கு, ஆலைத் தயாரிப்பு. அதிலும் தொடர்ந்தால் பிஸ்டலைச் சுத்தம் செய்து அளவாக எண்ணெய் போடுங்கள். பிறகு, பிடி உறுதியான வேறொருவரைச் சுடச் சொல்லுங்கள். அதன் பிறகு ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது மருந்து என்று தெரியாமல் போகும்.

★ இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். மேலே சொன்ன வரிசை முழுவதும் போன பிறகும் சிக்கினால், பிஸ்டலையும் உங்கள் குறிப்புகளையும் சேர்த்து உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். எந்த மேகசினில், எந்தத் தோட்டாவில், எப்படி நின்றது என்று சொல்லக்கூடிய வாடிக்கையாளரின் பிஸ்டலில் அவர் தேவையில்லாத எஃகைத் தேய்க்க வேண்டியிருக்காது.